மட்டக்களப்பில் பழைய சேமக்காலை பார்க்கப் போவதென்றால்

சென்னையில் இருக்கும் ஒருவர் கேட்டது: "டிசம்பரில் குடும்பத்தோடு மட்டக்களப்பு வருகிறோம். கடலோர ஊர்களுக்குப் போனால் பழைய ஐரோப்பியர் கால மயானங்களைப் பார்ப்பது என் வழக்கம். மட்டக்களப்பில் அப்படி ஏதாவது உண்டா? அம்மாவின் பாட்டி மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம், அதாவது ஐரோப்பிய வழி வந்தவர்கள். அவருடைய கல்லறையைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறதா?"

இரண்டு கேள்விக்கும் பதில் 'ஆம்'தான். ஆனால் காலியையோ திருகோணமலையையோ மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். காலிக் கோட்டையின் ஒல்லாந்தர் தேவாலயத்தில் தரை முழுக்கக் குடும்பச் சின்னம் பொறித்த கற்கள் பதித்திருக்கும். திருகோணமலையில் நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்தில் புல் வெட்டி, வரிசை பிடித்து, ஒவ்வொரு கல்லும் ஒரே உயரத்தில் நிற்கும். மட்டக்களப்பில் அந்த மாதிரிக் காட்சி எதுவும் இல்லை. இங்கே இருப்பது ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய் அடக்கம் செய்கிற மயானங்கள். கிறிஸ்தவ மயானத்தை இங்கே சேமக்காலை என்பார்கள். பழைய கல்லும் போன மாதம் போட்ட மண்மேடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் சரித்திரத்தில் பேர்போன மரணங்கள் பலவற்றுக்குக் கல்லே கிடையாது. செபால்ட் டி வேர்ட் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்கப் பக்கம் இருக்கும் ஃபோக்லாந்துத் தீவுகளைப் பழைய வரைபடங்களில் அவர் பெயரால் 'செபால்ட் தீவுகள்' என்றே குறித்தார்கள். 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டி அரசன் விமலதர்மசூரியனைப் பார்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருடம், போர்த்துக்கேயரை விரட்டும் கூட்டணி பேச வந்தவர் இந்த டி வேர்ட். பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தவர்களை அவர் விட்டுவிட்டார் என்பதில் விமலதர்மசூரியனுக்குக் கோபம். பேச்சு முற்றியது. 1603இல் இந்தக் கரையிலேயே அவரையும் அவருடன் வந்த ஐம்பது பேரளவில் இருந்தவர்களையும் வெட்டிப் போட்டார்கள். மட்டக்களப்புக் கோட்டையே அதற்குப் பிறகுதான் வருகிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்ட, 1638 மே 18இல் ஒல்லாந்தர் பிடிக்க, 1795 செப்டம்பரில் பிரித்தானியர் கைக்குப் போனது. ஆக, மட்டக்களப்பில் இறந்த ஐரோப்பியர்களில் உலகத்துக்கு அதிகம் தெரிந்த பெயருக்கு நீங்கள் போய்ப் பார்க்க ஒரு கல்லறை இல்லை.

வில்லியம் ஓல்ட் கதையும் ஏறக்குறைய அப்படியே தொடங்குகிறது. 1813 கடைசியில் தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிமாரில் அவர் ஒருவர். வழியில் கப்பலிலேயே ஓல்டின் மனைவி இறந்தார். 1814 மே மாதம் கோக்கும் இறந்தார். இருவருக்கும் கடல்தான் கல்லறை. மிச்சப்பட்டவர்கள் ஜூன் கடைசியில் காலியில் இறங்கி, யார் எந்த ஊருக்கு என்று பிரித்துக்கொண்டபோது மட்டக்களப்பு ஓல்டுக்கு வந்தது. வந்தவர் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல் வைத்துத்தான் எண்ணுகிறது. ஒரு வருடம்கூட முடியவில்லை, 1815 ஏப்ரல் 1இல் நோயில் இறந்துபோனார். நகரின் பழைய பகுதியான புளியந்தீவில் காந்திப் பூங்காவும் பழைய இறங்குதுறையும் இருக்கும் இடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. சேமக்காலைக்குப் போவதற்கு முன் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்தக் காலத்துக் கற்களில் வயதைப் படிக்கும்போது, இருபத்தாறு, முப்பத்தொன்று, ஒன்றரை வயது என்று வரும்போது, ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றாது.

சரி, எங்கே போவது?

நகரத்தில் கிறிஸ்தவர்களின் அடக்கத்துக்கு ஊரார் சொல்லும் பெயர் ஆலையடிச்சோலை. ஓட்டோக்காரரிடம் 'ஆலையடிச்சோலை சேமக்காலை' என்று சொன்னால் புரிந்துகொள்வார். 'செமட்ரி' என்று மட்டும் சொன்னால் எந்தச் சமயத்தவர் என்று திருப்பிக் கேட்பார், ஏனென்றால் இங்கே கள்ளியங்காட்டில் இந்து மயானம் இருக்கிறது, காத்தான்குடிப் பக்கம் முஸ்லிம்களின் மையவாடிகள் இருக்கின்றன, ஒவ்வொரு கிராமத்துக்கும் தனியாகச் சுடலை இருக்கிறது. இதோடு புளியந்தீவின் பழைய தேவாலயங்களின் உள்சுவர்களையும் விட்டுவிடாதீர்கள். மிஷனரிகள், ஊர் உத்தியோகத்தர்கள், பள்ளி அதிபர்கள் நினைவாகச் சுவரில் பதித்த சலவைக்கல் பலகைகள் வெயிலும் மழையும் படாததால் வெளியே இருக்கும் எந்தக் கல்லையும் விடத் தெளிவாக வாசிக்கலாம். பூசை இல்லாத நேரமாகப் பார்த்து, உள்ளே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

சேமக்காலைக்கும் அதே முறைதான். அனுமதிச் சீட்டு, கட்டணம் எல்லாம் கிடையாது. ஆனால் அது பங்குக்கு, அதாவது தேவாலய நிர்வாகத்துக்கு, சொந்தமான இடம். முந்தின நாள் பங்குப் பணிமனையில் போய் "பழைய கல்லறைகள் பார்க்க வேண்டும், எங்கள் ஆட்களும் அங்கே இருக்கக்கூடும்" என்று சொல்லிவிட்டால் அடுத்த நாள் உங்கள் வேலை பாதியாகிவிடும். அங்கே குழி வெட்டுபவர்தான் உண்மையான வழிகாட்டி. எந்த மூலையில் எந்தக் குடும்பம், எந்தக் கல் எப்போது சாய்ந்தது, எதற்கு மேல் யார் சீமெந்து பூசினார்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கையில் கெமராவோடு சுற்றினால் "ஆரத் தேடுறீங்க மகன்?" என்று அவர்களே வந்து கேட்பார்கள். குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு தேநீர்ச் செலவுக்கு ஏதாவது கொடுப்பது மரியாதை. முன்கூட்டியே காசைக் காட்டி அழைத்துப் போகாதீர்கள், அது வேறு மாதிரி ஆகிவிடும்.

நேரம் முக்கியம். காலை ஆறரையிலிருந்து ஒன்பது, அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. தேய்ந்த எழுத்தை வாசிக்கச் சாய்வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் வெறும் பலகையாகத் தெரியும் கல், காலை எட்டு மணிக்குப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்போது ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் பிடித்துப் பேர் முழுக்கத் தெரியும். கல் வேறு திசையைப் பார்த்து நின்றால், கைபேசியின் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, குடையால் மேல் வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அடித்தாலும் சரி. இவ்வளவே போதும்.

போதாதென்று சிலர் சோக்குக் கட்டி தேய்ப்பார்கள், தேசிக்காய் பிழிவார்கள், கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். சலவைக்கல் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டால் கரையும். பாசியைச் சுரண்டும்போது பாசியோடு கல்லின் மேல்தோலும் வரும், அந்தத் தோலில்தான் மிச்ச எழுத்து இருக்கிறது. சுத்தத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் மட்டும். நனைந்த கல்லில் எழுத்து கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

இந்த ஊரின் கல்லறைகள் அழியும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பார்க்கும்போது நிறையப் புரியும். மட்டக்களப்பு நகரம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணலில் இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் நல்ல கல் இல்லை. கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து வர வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஆகவே பழைய காலத்தில் கல் வைத்தவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும், மரச் சிலுவை, பிறகு இரும்புச் சிலுவை. மரத்தைக் கறையான் தின்றது. இரும்பை உப்புக் காற்று தின்றது. அதற்குப் பிறகு வந்த கம்பி போட்ட சீமெந்துக் கல்லறைகள் பழைய செங்கல் கல்லறைகளைவிடச் சீக்கிரம் போகின்றன என்பதுதான் வேடிக்கை. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதும், ஊதிய துரு சீமெந்தை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். நீளவாட்டில் பிளந்து நிற்கும் கல்லறையைப் பார்த்தால் மரவேரைக் குற்றம் சொல்லாதீர்கள், முதலில் கம்பியைப் பாருங்கள்.

சலவைக்கல்லில் எழுத்தைப் பதித்த முறையும் இரண்டு. ஒன்று வெறுமனே வெட்டியது. மற்றது, வெட்டிய பள்ளத்தில் ஈயத்தை அடித்துப் பதித்தது. ஈய எழுத்து கழன்று விழுந்தாலும் அதைப் பிடித்திருந்த சின்னச் சின்னத் துளைகள் மிஞ்சும். துளைகள் நிற்கும் ஒழுங்கைக் கொண்டே எழுத்தை ஊகிக்கலாம். எழுத்தே இல்லை என்று விட்டுவிட்டுப் போகும் கல்லைப் படமெடுத்துக்கொண்டுபோய் இரவில் பெரிதாக்கிப் பாருங்கள், வருடமாவது கிடைக்கும்.

இயற்கை தனியாக வேறு அடித்திருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளியை இன்றைக்கும் வயதானவர்கள் 'சூறாவளிக்கு முன்னம், பின்னம்' என்றுதான் காலக் கணக்குக்கு வைத்திருக்கிறார்கள். தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்த இரவு அது. அப்புறம் 2004 சுனாமி. பழைய குறியீடுகள் காணாமல் போனதற்கு யுத்தத்தை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

கல்லில் என்ன எழுதியிருக்கும்? சிலுவையின் நடுவில் ஐ.எச்.எஸ். என்று பின்னிய மூன்று எழுத்து இருந்தால் அது இறந்தவரின் முதலெழுத்து அல்ல, கிரேக்கத்தில் இயேசுவின் பெயருடைய முதல் மூன்றெழுத்து. இப்படி ஒரு குடும்பமே ஐ.எச்.எஸ். என்ற பாட்டனாரைத் தேடிய கதை எனக்குத் தெரியும். நங்கூரம் செதுக்கியிருந்தால் கப்பல்காரர் என்று முடிவுகட்டாதீர்கள், அது நம்பிக்கைக்கான பழைய கிறிஸ்தவச் சின்னம். பாதியில் உடைந்த தூண் உண்மையில் உடைந்தது அல்ல, இளவயதில் இறந்தவருக்கு வேண்டுமென்றே அப்படிச் செதுக்குவார்கள். பழைய ஆங்கிலக் கல்லில் 'ரெலிக்ட்' என்று வந்தால் விதவை என்று அர்த்தம், 'கன்சார்ட்' என்றால் கணவன் இருக்கும்போதே இறந்த மனைவி. குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் தங்கம், ஏனென்றால் யார் முதலில் போனது என்று வருடம் அழிந்த கல்லிலும் இது சொல்லிவிடும்.

இனி உங்கள் பாட்டி. மட்டக்களப்புப் பறங்கியர் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது உள்ளூர்ப் பேச்சோடு கலந்த போர்த்துக்கேயம், பேசியவர்கள். பெயர் ஒல்லாந்தப் பெயராக இருந்தாலும் பேச்சு போர்த்துக்கேயம் என்பதுதான் இந்த ஊர்ப் பறங்கியரின் விசேஷம். கொழும்பின் ஒல்லாந்தப் பறங்கியர் ஆங்கிலத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் போக, இங்கே இருந்தவர்கள் தச்சு, கொல்லு, தையல், இயந்திரத் திருத்தம் என்று கைத்தொழிலோடு தமிழர் நடுவில் வாழ்ந்தார்கள். கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆடுவார்கள். பார்த்தலோட், ராகல், செல்லர், அவுட்ஸ்கோர்ன், பல்தசார் என்று வரும் பெயர்களைக் கற்களில் தேடுங்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாதீர்கள். ஒரே குடும்பத்தின் பெயரை ஆங்கிலக் கல்லில் ஒரு மாதிரியும் தமிழ்க் கல்லில் இன்னொரு மாதிரியும் வெட்டியிருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதுக்கு ஒத்துவந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கல்லறையிலிருந்து தேடத் தொடங்குவது தலைகீழ் வேலை. முதலில் கடதாசி, பிறகுதான் கல். வரிசை இப்படி இருந்தால் நல்லது. அம்மாவிடம் கேட்டுப் பாட்டியின் கன்னிப்பெயர், கல்யாணமான பெயர், ஞானஸ்நானப் பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பறங்கி வீடுகளில் ஒருவருக்கு நீளமான ஞானஸ்நானப் பெயரும் வீட்டில் கூப்பிட இரண்டெழுத்துப் பெயரும் இருக்கும். கல்லில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. இறந்த வருடம் பத்து வருட இடைவெளிக்குள்ளாவது தெரிய வேண்டும். இலங்கையில் பிறப்பு இறப்பை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1860களின் பிற்பகுதியில். ஆகவே உங்கள் பாட்டியின் தலைமுறைக்கு இறப்புச் சான்றிதழ் இருந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் தேடித் தருவார்கள். திகதி சரியாகத் தெரியாவிட்டால் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை தேட வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கும் மேலே பங்கின் பதிவேடுகள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனியாக வைத்திருப்பது கத்தோலிக்க முறை. எனக்குக் கேட்டால் அடக்கப் பதிவேட்டைவிட விவாகப் பதிவேடுதான் பெரிய சொத்து. மாப்பிள்ளை, பெண் இருவரின் தகப்பன் தாய் பெயர், சாட்சிகளின் பெயர் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். சாட்சி போட்டவர் பெரும்பாலும் மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். 1895இலிருந்து இந்தப் பகுதி யேசு சபைக் குருமாரின் பொறுப்பில் இருந்தது. முதலில் பிரெஞ்சுக்காரர், பின்னால் அமெரிக்கர். எனவே லத்தீனில் எழுதிய பக்கங்கள் வந்தால் பயப்பட வேண்டாம். பெயர்களின் வால் மட்டும்தான் மாறியிருக்கும், யொவான்னெஸ் என்றால் ஜோன், யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ். பங்குத்தந்தையிடம் ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள். டிசம்பரில் நத்தார் (கிறிஸ்துமஸ்) வேலை தலைக்கு மேல் இருக்கும்போது போய் நின்று, பதிவேட்டை எடுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பறங்கியருக்குச் சங்கமும் இருக்கிறது. ஒரு பாட்டியின் பெயரைச் சொன்னால் அங்கே உள்ள மூத்தவர்கள் நாலு தலைமுறையை வாயாலேயே சொல்லிவிடுவார்கள். பதிவேட்டில் கிடைக்காதது அப்படிக் கிடைக்கும்.

முன்னோரில் யாராவது ஒல்லாந்தர் கால உத்தியோகத்தர் என்று வீட்டில் பேச்சு இருந்தால் மட்டும் இன்னும் இரண்டு இடம். கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை வரிசையாக வெளியிட்டிருக்கிறது. ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கை முழுக்க இருந்த ஐரோப்பியர் கல்லறைகள், நினைவுச் சின்னங்களின் வாசகங்களைத் தொகுத்து 1913இல் நூலாக்கினார். இன்றைக்கு அழிந்துபோன கல்லின் வாசகம் அதில் இருக்கக்கூடும். சாதாரண தச்சுக் குடும்பங்களை அதில் தேடாதீர்கள், அது துரைமாரின் பட்டியல்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சேமக்காலைகளில் விலைக்கு வாங்கிய குடும்பக் குழி வேறு, பொதுக் குழி வேறு. பொதுக் குழியில் சில வருடம் கழித்து இன்னொருவரை அடக்குவார்கள். இடம் போதாத ஊரில் வேறு வழியில்லை. பாட்டியின் பேர் பதிவேட்டில் இருந்து கல் இல்லையென்றால் யாரும் அலட்சியம் செய்தார்கள் என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம். குடும்பக் குழி என்றால் கல்லில் கடைசியாக இறந்தவரின் பெயர் மட்டும் இருந்து, கீழே மூன்று தலைமுறை இருப்பதும் நடக்கும்.

நவம்பர் 2, மரித்த ஆத்துமாக்களின் திருநாளுக்கு வர முடிந்திருந்தால் இன்னும் நல்லது. அதற்கு முந்தின நாட்களில் எல்லாக் குடும்பமும் மண்வெட்டியோடு வந்து புல் செருக்கி, வெள்ளையடித்து, அன்று மாலை மெழுகுதிரி ஏற்றிப் பூ வைப்பார்கள். குருவானவர் வந்து கல்லறைகளை மந்திரிப்பார். உங்கள் பாட்டியின் சொந்தக்காரர் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் அன்றைக்கு அங்கேதான் இருப்பார், விலாசம் தேவையில்லை. அந்த வெள்ளையடிப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. வருடா வருடம் அன்போடு பூசிய சுண்ணாம்பும் பெயின்டும் எழுத்துப் பள்ளங்களை நிரப்பிவிட்டிருக்கும். நன்றாகப் பராமரித்த கல்லறையை வாசிக்க முடியாமல் போவதும் கைவிட்ட கல்லறையை வாசிக்க முடிவதும் இதனால்தான்.

டிசம்பரில் வருவதால் மழையைக் கணக்கில் எடுங்கள். எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. சேமக்காலையில் புல் முழங்கால் அளவுக்கு நிற்கும். மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் இல்லாமல் உள்ளே போக வேண்டாம், புடையன் பாம்பு இருக்கக்கூடிய இடம். கையில் ஒரு தடி வைத்துக்கொண்டு புல்லைத் தட்டித் தட்டி நடங்கள். உள்ளே இடிந்த கல்லறைகளின் மேல் ஏறாதீர்கள், மழையில் ஊறிய செங்கல் சட்டென்று உள்வாங்கும். பிள்ளைகளைக் கூட்டிவருவதென்றால் அவர்கள் கைபிடியில் இருக்கட்டும்.

படம் எடுப்பது பற்றி. பழைய கல்லைத் தாராளமாக எடுங்கள். புதுக் கல்லறைகளை விட்டுவிடுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அவர்களின் தாய் தகப்பன் இதே ஊரில் இருக்கிறார்கள். படம் பதித்த சின்னக் கல்லறை ஒன்றின் முன் நின்று கைபேசியை உயர்த்தும்போது பின்னால் யார் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அடக்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள், அடுத்த நாள் போகலாம்.

சேமக்காலையோடு நிறுத்திக்கொள்ளாமல் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போங்கள். கல்லடி உப்போடையில், சிவானந்தா வித்தியாலய வளவில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்து, மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, துறவியாகி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். பழந்தமிழிசை பற்றி அவர் எழுதிய 'யாழ் நூல்' அரங்கேறிய அடுத்த மாதமே, 1947 ஜூலை 19இல் கொழும்பில் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். அவர் படித்த மெதடிஸ்த கல்லூரி ஓல்ட் தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டால் காலையில் பார்த்த சிலைக்கும் இதற்கும் தொடர்பு பிடிபடும். என் கருத்தில் மட்டக்களப்பில் ஒரே ஒரு சமாதிதான் பார்க்க நேரம் என்றால் அது இதுதான்.

அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கினால் நாவலடி, டச்பார். வாவி கடலில் விழும் பக்கத்தில், இரண்டு தண்ணீருக்கும் நடுவே கிடந்த மணல் திட்டு. டச்பாரில் பறங்கிக் குடும்பங்கள் நெருக்கமாக இருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் அந்தத் தெருக்கள் துடைத்துப் போயின, தப்பியவர்கள் பிறகு உள்ளே வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். உங்கள் பாட்டியின் வழியில் வந்தவர்கள் யாரும் அங்கே இருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பழைய குடும்பப் படங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள் எல்லாம் அன்றைக்குக் கடலோடு போனதாகத்தான் பல வீடுகளில் சொல்வார்கள். நாவலடியில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. டிசம்பர் 26 அன்று ஊரில் இருந்தால் காலையில் போகலாம். உறவினர்கள் விளக்கேற்றுவார்கள், நீங்கள் ஓரமாக நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அதே கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் கடலடியில் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் அதையும் துணைக்கு வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரையும் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், தலைவர் ஒன்ஸ்லோவும் அதில். பக்கத்தில் இருந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் அறுநூறு பேரளவில் மீட்டது. ஐம்பது மீட்டர் ஆழம் என்பதால் விசேஷப் பயிற்சி பெற்ற சுழியோடிகள்தான் போக முடியும், அதுவும் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரலுக்குப் பிறகான மாதங்களில். டிசம்பரில் நீங்கள் கரையில் நின்று அந்தப் பக்கம் பார்க்கலாம், அவ்வளவுதான். யாராவது கப்பலிலிருந்து எடுத்த பித்தளைச் சாமான் என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். அது போரில் இறந்தவர்களின் கல்லறை.

உடல் கிடைக்காத அடக்கங்கள் யுத்த காலத்தில் இன்னும் கூடின. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கக் குருவானவர் யூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் சாரதியோடு காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை. அதே ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் குழந்தை குட்டியோடு கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் நினைவிடங்கள் உண்டு, இரண்டுக்கும் இடையே ஓட்டோவில் போகிற தூரம்தான். ஒன்றுக்கு மட்டும் போய்விட்டு ஊரைத் தெரிந்துகொண்டதாக எழுதுபவர்களை நான் மதிப்பதில்லை. காத்தான்குடிக்குப் போகும்போது உடுப்பில் கவனமாக இருங்கள், தொழுகை நேரத்தைத் தவிருங்கள், முதலில் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் பேசுங்கள். மையவாடிக்குள் போகக் கேட்காமல் நுழையக் கூடாது. அங்கே கல்வெட்டு எதிர்பார்க்கவும் வேண்டாம், பெரும்பாலும் மீசான் கட்டை, அதாவது அடையாளத்துக்கு நடும் கட்டை, மட்டும்தான்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் தெற்கே கல்முனை வரை போகலாம், நாற்பது கிலோமீட்டரளவு, பஸ் அடிக்கடி உண்டு. கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல் என்று ஒரு தர்கா, நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பேரில். நாயகம் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே அவர் உடல் இல்லை, ஆனாலும் வருடாவருடம் கொடியேற்றம் நடக்கிறது, கூட்டம் கடற்கரை மணல் தெரியாத அளவுக்கு வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற உங்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் காரைதீவில் விபுலாநந்தர் பிறந்த வீட்டை எட்டிப் பார்க்கலாம். வடக்கே கதிரவெளியில் பெருங்கற்காலத்துக் கல்லறைகள் கண்டெடுத்தார்கள் என்று படித்துவிட்டு அங்கே போக ஆசைப்படுவீர்கள். மழைக்காலத்தில் அதற்காக ஒரு நாளைச் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

கொண்டுவர வேண்டியது: குடை, மெத்தென்ற துணி, தண்ணீர்ப் போத்தல், டோர்ச், பென்சில் (மழையில் பேனா எழுதாது), பாட்டியின் மூன்று பெயரும் எழுதிய தாள். மெழுகுதிரி ஏற்ற விரும்பினால் கடற்காற்றுக்கு வெறும் திரி நிற்காது. பால்மா டின் ஒன்றைக் கேட்டு வாங்கி அதற்குள் வையுங்கள், ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கல் கிடைத்தால் முழுக் கல்லையும் ஒரு படம், எழுத்தை மட்டும் ஒரு படம், பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, மூன்றையும் அச்சுப் போட்டுப் பங்குப் பணிமனையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்து அதே குடும்பத்தைத் தேடி வருபவர் முதலில் போய்க் கதவைத் தட்டுவது அங்கேதான்.